கூண்டுக்குள் சம்பந்தியம்மா

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் பேசும், பிறகுதான் கை. அன்றைக்குக் கை முந்திக்கொண்டுவிட்டது. கொல்லையில் நின்ற குளியல் தட்டியை ஒரே இழுப்பில் நானே சாய்த்துப்போட்டேன். அதற்குப் பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் ஆரம்பம். அதனால் முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பின்னால் யாரும் வந்து என்னிடம் வியாக்கியானம் பேச வேண்டாம்.

பனையோலைத் தட்டி அது. நாலு கம்பு நட்டு, மூன்று பக்கமும் ஓலை கட்டியிருந்தது. நாலாவது பக்கம் வீட்டின் பின்சுவர். என் மகள் சீதை சடங்கான வருஷம் கட்டியது. அவள் கல்யாணமாகிக் கல்லலுக்குப் போயே இரண்டு வருஷம் ஆகிவிட்டது, தட்டி மட்டும் அதேதான். கம்பெல்லாம் கரையான். கிழக்கே ஒரு ஓட்டை, வடக்கே ஒரு ஓட்டை. வடக்கு ஓட்டைக்குத் துண்டைத் தொங்கவிடுவோம். கிழக்கு ஓட்டைக்கு யாராவது வந்தால் இருமுவோம். இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் நாகநாதன் சாக்கோட்டைப் பாதையில் இருக்கிற அரிசி மில்லில் எஞ்சின் பார்க்கிறவர். எஞ்சினில் ஒரு திருகு கழன்றது என்றால் சாப்பிடுகிற சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். வீட்டில் எது கழன்றாலும், "நாளைக்குப் பாப்போம்." எங்கள் ஊரில் மூன்று நாகநாதன்கள் உண்டு. இவரை அடையாளம் சொல்ல ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'நாளைக்கு நாகநாதன்'. அதைக் கேட்டு அவருக்குக் கோபமே வராது. எனக்குத்தான் வரும்.

தைப் பொங்கலுக்குச் சம்பந்தியம்மா சோணையம்மாள் வந்திருந்தார். சீதையின் மாமியார். நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். ஆள் நல்ல உயரம், நல்ல கனம், நடந்து வந்தால் எதிரே வருகிறவர்கள் தாமாக ஒதுங்குவார்கள். தாராள மனசுதான், ஆனால் ஒரு சொல் சொன்னால் மாற்ற மாட்டார். அவர் குளிக்கப் போன கொஞ்ச நேரத்தில் கொல்லையிலிருந்து ஒரு கூப்பாடு. ஓடிப்போய்ப் பார்த்தால், கிழக்கு ஓட்டை வழியாகத் தலையை நீட்டிய ஓர் ஆடு, உள்ளே தொங்கிய அவருடைய புது ரவிக்கையைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒரு கை முழுசாக உள்ளே போய்விட்டது. அடுத்த கையைப் பிடித்து அவர் உள்ளே இழுக்கிறார், ஆடு வெளியே இழுக்கிறது. கடைசியில் ஆடுதான் ஜெயித்தது.

என் ரவிக்கை எதுவும் அவருக்குப் பற்றாது. போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து அவர் சொன்ன சொல் இன்னும் என் காதில் நிற்கிறது.

"இந்தா பாரு வீரலட்சுமி. பச்ச ஒடம்போட புள்ளத்தாச்சி சுடுதண்ணியில குளிக்கணும். இந்த மறப்புல எப்படிக் குளிப்பா? தலப்பிரசவம் எங்க வீட்டுலயே நடக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

சீதைக்கு அப்போது ஏழாம் மாசம். எனக்கு இருக்கிறது ஒரே மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வராத பெண்ணை எங்கள் பக்கத்தில் கண்டதில்லை. ஊர் என்ன பேசும் என்பது கிடக்கட்டும். வலி எடுக்கும்போது அவள் 'அம்மா' என்று கத்துவாளே, அப்போது பிடித்துக்கொள்ள என் கை அங்கே இருக்காதே என்பதுதான் என் கவலை. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அழுது, கெஞ்சி, மருமகன் சேதுபதியிடம் சொல்லியனுப்பி, ஒரு வழியாகச் சம்பந்தியம்மாவிடமிருந்து ஒரு பதில் வாங்கினேன். 'பங்குனியில் உங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலுக்கு வருகிறேன். மறைப்பைப் பார்க்கிறேன். அப்புறம் சொல்கிறேன்.' அவ்வளவுதான் பதில்.

அதாவது புதுத் தட்டி நின்றால் மகள் வருவாள். நிற்காவிட்டால் இல்லை.

இதை என் வீட்டுக்காரரிடம் தையில் சொன்னேன். மாசியில் சொன்னேன். அந்த வருஷம், எழுபத்தொன்று, மாசியில் தேர்தல் வந்தது. டீக்கடையில் உட்கார்ந்து நாட்டையே தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார், கொல்லையில் நாலு கம்பை நிறுத்த முடியவில்லை. தேர்தல் முடிந்தது. சுவரெல்லாம் சின்னம் காய்ந்தது. பங்குனி பிறந்தது. "பொங்கலுக்கு இன்னும் ரெண்டு வாரம் கெடக்கு, நாளைக்கு ஓல வெட்டச் சொல்றேன்" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தட்டிக்குள் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு வெளியே வந்து, சாவகாசமாகத் தலையைத் துவட்டிக்கொண்டு, "வீரலட்சுமி, அந்தக் கெழக்கு ஓட்ட கொஞ்சம் பெருசாயிருச்சு போலயே" என்றார். ஏதோ புதுச் செய்தி மாதிரி.

"அப்படியா? இந்தா, இப்பச் சின்னதாக்கித் தாரேன்" என்று சொல்லி, முன்கம்பைப் பிடித்து இழுத்தேன். ஒரு இழுப்புதான். கம்பு ஒடிந்தது, அதோடு பக்கத்துக் கம்பும் வந்தது, மூன்று பக்கமும் மடமடவென்று படுத்துவிட்டது. கரையான் புழுதி என் தலையெல்லாம். ஓலைக்குள் குடியிருந்த ஓணான் ஒன்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடியது.

"இப்பக் கட்டித்தான ஆகணும்? எப்படி நாளைக்குன்னு சொல்லுறீகன்னு பாப்போம்!" என்று இடுப்பில் கை வைத்து நின்றேன். மனசுக்குள் அப்படி ஒரு நிம்மதி.

அந்த நிமிஷம் ஊர் மந்தைத் திடல் பக்கம் மேளம் கேட்டது.

"ஏங்க, இதென்ன மேளம்?"

"காப்புக் கட்டு" என்றார், துண்டைப் பிழிந்துகொண்டே.

"காப்பு அடுத்த செவ்வாதானே?"

"முன்னுக்கு இழுத்துட்டாக. கரகாட்டக்காரவுக கடைசி வாரத்துக்குக் கெடைக்கலையாம். வெள்ளிக்கெழம கூட்டத்துல முடிவாயிருச்சு. ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கு யாரு சொன்னா?"

அவர் ஈரத் துண்டைப் பார்த்தார், படுத்துக் கிடந்த தட்டியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்தேன்" என்றார்.

எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாளைக்குச் சட்டம் வேறு. பச்சை மரத்தில் அரிவாள் படக்கூடாது. மண்ணில் கடப்பாரை இறங்கக்கூடாது. ஓலை முடையக்கூடாது, வெளியூரில் முடைந்த ஓலையும் ஊர் எல்லைக்குள் ஏறக்கூடாது. தாளிக்கக்கூடாது, வெளியூரில் போய்த் தங்கக்கூடாது. அடுத்த செவ்வாய்க்கிழமை பொங்கல், புதன்கிழமை முளைப்பாரி கரைத்துக் காப்பு அவிழ்ப்பார்கள். பொங்கலுக்கு வருகிறேன் என்று சொன்ன சம்பந்தியம்மாவுக்குச் சேதுபதி மூலமாகப் புதுத் தேதி ஏற்கெனவே போய்விட்டதாம். எனக்கு மட்டும்தான் வரவில்லை. அதாவது பழைய தட்டியைப் பிடுங்கிப் போட்டாயிற்று, புதுத் தட்டி கட்ட முடியாது, பார்க்க வருகிறவர் செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வருகிறார். நான் அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டேன்.

பூசாரி மலையாண்டி அண்ணனிடம் ஓடினேன். மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாக நின்றார்.

"அண்ணே, நாலே நாலு குழி. ஒரு முழம்கூட வேணாம். முக்கால் முழம்."

"ஆத்தா காப்புக் கட்டியிருக்கு தாயி. ஒரு சாணுக்கும் அதே சட்டந்தான்."

"மக தலப்பிரசவம் அண்ணே."

"அதையும் ஆத்தாகிட்டயே சொல்லு. அவளும் பொம்பளதான. வழி விடுவா" என்றார். விபூதி கொடுத்தார். விபூதியை வைத்து மறைப்புக் கட்ட முடியுமா?

இதற்குள் என் வீட்டுக்காரர் தன் மூளையைப் போட்டு ஒரு வேலை பார்த்திருந்தார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அல்லாபிச்சை அண்ணனுடையது. கூண்டு வண்டி வைத்திருக்கிறார், வாடகைக்கு ஓட்டுவார். அவரிடம் போய், "ஒங்களுக்குத்தான் காப்பு கெடையாதே, நாலு பனையோல வெட்டித் தாங்களேன்" என்று கேட்டிருக்கிறார். அல்லாபிச்சை அண்ணனுக்கு வந்ததே கோபம்.

"எனக்குக் காப்பு இல்லேன்னு எந்தப் பய சொன்னான்? ஊருக்குக் கட்டுனா எனக்கும் சேத்துத்தான். எங்க அத்தா காலத்துலருந்து இந்த எட்டு நாளும் எங்க வீட்டுல அருவா கூர எரவாணத்துலதான் கெடக்கும். நல்லாக் கேக்க வந்தீக!"

திட்டு வாங்கிக்கொண்டு வந்து, "அவருக்கும் கெடையாதாம்" என்றார் என்னிடம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை சேலை கட்டிப் பார்த்தோம். முருங்கை மரத்துக்கும் வேம்புக்கும் கயிறு கட்டி, என் சேலை மூன்றை வரிசையாகத் தொங்கவிட்டேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. "நீங்க குளிச்சுப் பாருங்க" என்று அவரை உள்ளே அனுப்பினேன். முகமெல்லாம் சோப்புப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ராகம் வேறு இழுத்துக் குளித்துக்கொண்டிருந்தார். பங்குனிக் காற்று ஒரு வீசு வீசியது. மூன்று சேலையும் ஒன்றாகத் தூக்கிக் கயிற்றின் மேலே போய் உட்கார்ந்துகொண்டன. சந்தில் கும்மிப் பாட்டுப் பழகிவிட்டு வந்த பெண்பிள்ளைகள் பதினைந்து பேர். இடுப்பில் துண்டு இருந்தது, அந்த மட்டுக்கும் மானம் தப்பியது. பதினைந்து பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்த சிரிப்பில் இவர் கண்ணைத் திறந்து, "யாரது?" என்று கேட்டாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. பரணில் கிடந்த பழைய கதவைச் சாய்த்துப் பார்த்தோம், ஒரு பக்கத்துக்குக்கூடப் பற்றவில்லை. கோணிச் சாக்கைக் கட்டிப் பார்த்தோம், அதில் மிளகாய் வற்றல் இருந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் நானும் அவரும் சேர்ந்து தும்மியது தெருக்கோடி வரை கேட்டது. சனிக்கிழமை ராத்திரி, "கல்லலுக்கு ஆள் விட்டு மதினிய வர வேணாம்னு சொல்லிருவோமா?" என்று கேட்டேன். அவருக்கும் ஒரே மகள்தானே. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் நாளைக்கு என்று சொல்லாமல் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அல்லாபிச்சை அண்ணன் காரைக்குடிக்கு வண்டி கட்டினார். திருவிழாவுக்கு மைக் செட் ஏற்றிவர வேண்டும், பெரிய குழாய் ரெண்டு, எஞ்சின் ஒன்று. கூண்டோடு வண்டியில் அது ஏறாது. அதனால் கூண்டைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனார். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது பார்க்கிறேன், காற்று ஒரு தள்ளுத் தள்ளி அந்தக் கூண்டைச் சுவரோரமாகச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறது. மூங்கில் வளைத்து, பாய் வைத்துத் தைத்து, தார் பூசிய கூண்டு. ஆள் உயரத்துக்கு மேலே. மூன்று பக்கமும் வளைந்து அடைத்துக்கொண்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்து நிற்கிறது. அந்தத் திறந்த பக்கத்தில் சுவர்.

குடத்தை இறக்கிவைத்தேனா, போட்டேனா என்று எனக்கே தெரியாது. "ஏங்க, இங்குட்டு வாங்க! ஓடி வாங்க!" என்று கத்தினேன்.

அவர் வந்தார். பார்த்தார். எஞ்சின்காரர் மூளை, அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. "நடலை, வெட்டலை, முடையலை" என்று விரலை மடக்கினார். அவர் வாயில் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

அல்லாபிச்சை அண்ணன் திரும்பி வந்ததும் கேட்டோம். "கூண்டுதான? தாராளமா எடுத்துட்டுப் போங்க தங்கச்சி. சீதை புள்ளைக்குன்னா வண்டியையே கவுத்துத் தாரேன்" என்றார். நாலு பேராகத் தூக்கிவந்து கொல்லையில், பின்சுவரைப் பார்த்து நிறுத்தினோம். உள்ளே போக ஓர் ஓரத்தில் முழங்கை அகலத்துக்குச் சந்து விட்டோம். பிறகு மலையாண்டி அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கூண்டை மூன்று சுற்றுச் சுற்றினார். குனிந்து மண்ணைப் பார்த்தார். பாயைத் தட்டிப் பார்த்தார்.

"நிக்க வச்சிருக்கீக" என்றார்.

"ஆமாண்ணே."

"நிக்க வைக்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரே ஒரு வேலைதான் பாக்கி. காற்றுக்குச் சாயாமல் கூண்டுக்கு ரெண்டு பக்கமும் அடியில் கல் முட்டுக் கொடுக்க வேண்டும். மேற்குப் பக்கம் என் வீட்டுக்காரர் அம்மிக்கல்லை உருட்டிவைத்தார். கிழக்குப் பக்கத்துக்கு ஆட்டுக்கல்லைத் தூக்கணும். மில்லிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுவிட்டார்கள். போகிற போக்கில் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் சோணையம்மாள் மதினி இறங்கினார். ஒரு கையில் பலகாரத் தூக்கு, ஒரு கையில் மாற்றுச் சேலை. ரவிக்கையை மட்டும் பையில் வைக்காமல் கக்கத்தில் இடுக்கியிருந்தார். வந்தவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"புழுதியா இருக்கு ஒடம்பெல்லாம். குளிச்சுட்டுத்தான் கோயிலுக்குப் போகணும். எங்குட்டு இருக்கு மறப்பு?"

கொல்லைக்குக் கூட்டிப்போனேன். அண்டாவில் வெந்நீர் விளாவி வைத்திருந்தேன், பக்கத்தில் சீயக்காய், மஞ்சள், முக்காலி. மதினி கூண்டை ஏற இறங்கப் பார்த்தார். "இதென்ன, புது மாடலா இருக்கு?" என்றார்.

"காரைக்குடிப் பக்கமெல்லாம் இப்ப இப்படித்தான் மதினி" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். மாரியாத்தா மன்னிக்கட்டும்.

அவர் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்து, சந்து வழியாக உள்ளே போனார். "ஓட்ட இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்று குரல் வந்தது. எனக்குப் பாதி உயிர் வந்தது. முதல் செம்புத் தண்ணீர் விழுந்தது. ரெண்டாவது விழுந்தது.

அப்போது கிழக்கே தரிசில் சருகெல்லாம் வட்டமாக எழும்புவதைப் பார்த்தேன். சுழல்காற்று. நேராக எங்கள் கொல்லையைப் பார்த்து வருகிறது. அந்தப் பக்கத்துக்குத்தானே கல் இல்லை! கூண்டு ஒரு பக்கமாக எழும்பியது. நான் யோசிக்கவே இல்லை. பாய்ந்துபோய் ரெண்டு கையையும் விரித்துக் கூண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பிடித்தேனே தவிர, விடுகிறது எப்படி? கொஞ்சம் தளர்த்தினால் கூண்டு நகர்கிறது. இறுக்கினால்தான் நிற்கிறது. கன்னம் தாரில் ஒட்டிக்கொண்டது. பாய் இடுக்கு வழியாக வெந்நீர் என் கழுத்தில் வடிந்தது.

"வீரலட்சுமி, காத்து பலமா அடிக்குதோ?"

"சும்மா லேசா மதினி."

"சித்த வந்து முதுகு தேச்சு விடேன்."

"இந்தா வாரேன் மதினி" என்றேன். எங்கே வருகிறது?

அந்த நேரத்துக்கு மில்லிலிருந்து என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். நான் கூண்டைக் கட்டிப்பிடித்து நிற்பதைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனார். நான் கண்ணாலேயே ஆட்டுக்கல்லைக் காட்டினேன். அவர் ஓடி வர ஓர் அடி வைத்தார், உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார். சம்பந்தியம்மா குளிக்கிற இடத்துக்கு ஆம்பளை எப்படி வருவது? ஒரு நிமிஷம் தவித்தார். பிறகு ஆட்டுக்கல்லைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி, பின்னாலேயே நடந்து வந்தார். வேப்ப மரத்தில் ஒரு தடவை இடித்தார். "மன்னிக்கணும்" என்றார் மரத்திடம். கடைசியில் கல்லை இறக்கினார், கூண்டுக்கு அடியில் இல்லை, என் கால் கட்டைவிரல் மேல்.

கத்தினால் மதினிக்குக் கேட்கும். கத்தாவிட்டால் எனக்கு உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் விட்டேன். அவர் வேலையை முடித்துவிட்ட திருப்தியில் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டார்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"வீரலட்சுமி."

"மதினி."

"இது யாரு வெரலு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடித்த பிடியில் என் விரல்கள் கூண்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே வளைந்திருக்கின்றன. ஒரு பக்கம் அஞ்சு, மறுபக்கம் அஞ்சு.

"என் வெரலுதான் மதினி."

"ஒன் வெரலு இங்க என்ன பண்ணுது?"

எட்டு நாளாக அடக்கிவைத்தது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் உடைந்துவிட்டது. கோபமும் அழுகையும் கால் வலியும் சேர்ந்து வந்தன.

"புடிச்சுக்கிட்டு நிக்குது! வேற என்ன பண்ணும்? பழய தட்டிய நாந்தான் கோவத்துல புடுங்கிப் போட்டேன். அன்னைக்கே காப்புக் கட்டிட்டாக. நடக்கூடாது, வெட்டக்கூடாது, முடையக்கூடாது. இது அல்லாபிச்ச அண்ணன் வண்டிக் கூண்டு. காரைக்குடி மாடலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் அம்மிக்கல்லு நிக்குது, இந்தப் பக்கம் நான் நிக்கேன். நான் கைய எடுத்தா இது உருண்டு மந்தைக்குப் போயிரும். இதுதான் எங்க வீட்டு மறப்பு, பாத்துட்டீகள்ல? இனி ஒங்க முடிவச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு மதினி. எம் மக இங்க வந்தான்னா, தட்டி இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி, அவ குளிச்சு முடிக்கிற வரைக்கும் நான் இப்படித்தான் நிப்பேன். காத்தடிச்சாலும் நிப்பேன், மழையடிச்சாலும் நிப்பேன். அவ எனக்கு ஒரே புள்ள மதினி."

தெருவில் முளைப்பாரிக் கும்மி மட்டும் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கூண்டை மட்டும் விடவில்லை.

"வீரலட்சுமி."

"சொல்லுங்க."

"காத்து இன்னும் அடிக்குதா?"

"அடிக்குது."

"அப்ப விட்றாத ஆத்தா. நான் இன்னும் முதுகு தேய்க்கல."

சொல்லிவிட்டு உள்ளே ஒரு சிரிப்பு. சும்மா சிரிப்பில்லை, கூண்டே குலுங்கியது. எனக்கு முதலில் பயம், பிறகு நானும் சிரிக்க ஆரம்பித்தேன். உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி, நடுவில் வண்டிக் கூண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் அல்லாபிச்சை அண்ணன் சம்சாரம் ஆசியா பீவி எட்டிப் பார்த்து, என்ன ஏது என்று தெரியாமலே அவரும் சிரித்தார்.

மதினி சாவகாசமாகக் குளித்துமுடித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். ரவிக்கை ரெண்டு கையும் பத்திரமாக இருந்தது. என் கன்னத்துத் தாரைப் பார்த்தார், கால் விரலைப் பார்த்தார். தன் சேலைத் தலைப்பால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். தார் போகவில்லை.

"எங்க வீட்டுல செங்கல் வச்சுக் கட்டுன குளியலறதான்" என்றார். "கதவு இருக்கு, தாப்பா இருக்கு. ஆனா விடிஞ்சா நான் வயக்காட்டுக்குப் போயிருவேன். குளிக்கையில புள்ளைக்குத் தல சுத்துச்சுன்னா யாரு புடிப்பா? ஆடு ரவிக்கயத் தின்ன ஆத்திரத்துல அன்னைக்கு ஒரு சொல்லச் சொல்லிப்புட்டேன். மறப்பத்தான் பாத்தேனே ஒழிய ஒன்னயப் பாக்கல. மனசுல வச்சுக்காத."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்குக் காப்பு அவுத்துருவாகல்ல? ஞாயித்துக்கெழம நல்ல நாளு. வந்து மகளக் கூட்டிட்டுப் போ."

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த என் வீட்டுக்காரர் தலையை நீட்டினார். "அக்கா, புதுத் தட்டி நாளைக்கே..." என்று ஆரம்பித்தவர், நான் திரும்பிப் பார்த்ததும் மீதியை முழுங்கிவிட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் முளைப்பாரி கரைத்தார்கள். வியாழக்கிழமை நான் கண் விழிக்கும்போது கொல்லையில் கடப்பாரைச் சத்தம். எழுந்துபோய்ப் பார்த்தால் நாலு குழி தோண்டி முடித்துவிட்டார், பனையோலை குவிந்து கிடக்கிறது. யாரும் சொல்லவில்லை, கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தட்டி நின்றது. யானை வந்து முட்டினாலும் அசையாத மாதிரி கட்டியிருந்தார். ஆட்டுக்காக அடியில் இடுப்பு உயரத்துக்கு முள் வேறு.

ஞாயிற்றுக்கிழமை, பஸ் குலுக்கும் என்று அல்லாபிச்சை அண்ணன் வண்டியிலேயே வைக்கோல் பரப்பிக் கல்லலுக்குப் போனோம். கூண்டு மறுபடி வண்டியில் ஏறியிருந்தது. சீதை மெதுவாக ஏறி உட்கார்ந்து, மூக்கைச் சுளித்தாள்.

"என்ன மாமா, வண்டி சீயக்கா மணக்குது?"

"அத ஒங்க ஆத்தாகிட்டக் கேளு தாயி" என்றார் அல்லாபிச்சை அண்ணன், மாட்டைத் தட்டிக்கொண்டே. வழியெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மெதுவாச் சிரிடி" என்று அதற்கும் நான் அதட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை வெந்நீர் போட்டுக்கொடுத்தேன். அவள் உள்ளே போனாள். புதுத் தட்டி இம்மிகூட அசையவில்லை, காற்றும் இல்லை. நான் அடுப்படிக்குத்தான் போகணும், உலையில் அரிசி கிடக்கிறது.

"அம்மா."

"என்னடி?"

"தட்டிய விடும்மா. அது விழாது."

பார்த்தால் என் ரெண்டு கையும் கம்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நீ பேசாமக் குளிடி" என்றேன்.